இடப் பக்கத் தையல்

துணி திருத்தும் கடையில் முப்பது வருஷம் மிஷின் மிதித்தவள் அவள். வாசலில் ஆள் நுழையும்போதே, "இடுப்பு ரெண்டு விரல் கூடியிருக்கே, வீட்டுச் சாப்பாடு ஒத்துக்குதோ?" என்பாள். டேப் பிடிக்காமலே அளவு சொல்வதால் எல்லாருக்கும் அவள் டேப்பக்கா.

அறுபது வயதில், மார்பில் புற்றுநோய் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கும் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. அதே கடையில் துணி தேய்க்கும் தங்கச்சியின் நச்சரிப்புத் தாங்காமல் போனாள். மார்பைத் தட்டில் வைத்து அழுத்தியதில் நல்ல வலி. படமெடுத்த பெண்ணுக்கு மகள் வயசு. கூச்சத்தில் கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து வண்டி மறுபடி வந்தது.

"வாக்கா, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாம்."

"போடி. ஆண்டவனே ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்தாச்சு. திரும்பப் போய்க் கேட்டா அவரையே சந்தேகப்பட்ட மாதிரி."

"எழுதினது டாக்டர், அக்கா!"

"அவங்க கையைப் பிடிச்சு எழுத வெச்சது யாரு?"

தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கடுத்த தடவை வண்டி வந்தபோது பள்ளிச் சீருடைகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. "கிழவிக்கு எதுக்குடி படம்? மாப்பிள்ளைக்கா காட்டப்போற?" என்று சிரித்தே தட்டிக்கழித்தாள்.

அந்த வருஷக் கடைசியில் அவள் சட்டை இடப் பக்கம் இறுக்கியது. தையல்காரிக்கு இது ஒரு வேலையா? தையலைப் பிரித்து அரை விரல் விட்டாள். நாலு மாசத்தில் மறுபடி இறுக்கியது. உள்ளே மடித்திருந்த துணி தீரும்வரை பிரித்து விட்டாள். வலி இல்லை, வலிக்காதது நோயாகுமா என்றிருந்தாள்.

ஒருநாள் தங்கச்சி அந்தச் சட்டையைத் தேய்ப்பதற்கு விரித்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லை.

"என்னக்கா, கோணலா தைச்சிருக்க? நீயா?"

"துணி சுருங்கிடுச்சு."

"ஒரு பக்கம் மட்டுமா?"

கேட்டவள் கையை நீட்டி அக்காவின் மார்பைத் தொட்டாள். கல்லாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். புற்று எலும்புவரை போய்விட்டது; வெட்டி எடுத்துப் பயனில்லை; மருந்தில் கொஞ்ச காலம் ஓட்டலாம். "போன தடவை படமெடுக்க வந்திருந்தா பட்டாணி அளவுலயே பாத்திருக்கலாம்மா."

வெளியே தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ கடைசியா எப்பப் போன?" என்று அக்கா கேட்டாள்.

"நீ வரலைன்னு நானும் விட்டுட்டேன். தனியாப் போக வெக்கமா இருந்துச்சு."

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரி. இப்பவே போய்ப் படமெடுக்கப் பேரைக் கொடு."

"உன்னை இப்படி வெச்சுக்கிட்டு இன்னிக்கு எதுக்குக்கா..."

"எந்திரிடி."

தங்கச்சியை முன்னே தள்ளிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். இவளுக்காவது ஒன்றும் இருக்கக் கூடாதென்று ஆண்டவனிடம் கேட்க வாயெடுத்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை. முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள்.