அக்கரையிலிருந்து குடிக்க வந்தவர்கள்

பவானிக்குக் கீழே ஒரு துறையில் பொங்கியண்ணன் பரிசல் ஓட்டிவந்தார். காவிரியின் இந்தக் கரை கோயமுத்தூர் ஜில்லா, அந்தக் கரை சேலம் ஜில்லா. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. அங்கே கடைகள் மூடின, இங்கே மூடவில்லை.

அதற்கு முன்பெல்லாம் அக்கரைத் தறிக்காரர்கள் சாயங்காலம் ஒரு மொந்தை கள்ளோடு வீடு போய்விடுவார்கள். இப்போது தறி நிற்கும் அமாவாசையன்று கும்பலாக ஆற்றைக் கடந்து வந்தார்கள். ஒரு மாதத்துக் குடியை ஒரே மதியத்தில் குடித்துத் தீர்த்தார்கள். கள் போதாமல் சாராயம் குடித்தார்கள்.

ஒரு முறை நட்டாற்றில் ஒருவன் எழுந்து நின்றதில் பரிசல் கவிழப் பார்த்தது. அன்றிலிருந்து, நிற்க முடியாதவனைப் பொங்கியண்ணன் ஏற்றுவதில்லை.

“போதை எறங்கட்டுமுங்க. அதுவரைக்கும் மணல்ல படுத்திருங்க” என்பார்.

1938 மாசி அமாவாசையன்று ராமுலு என்ற தறிக்காரரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பொங்கியண்ணன் அவரைப் புங்கமரத்தடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தன் துண்டை மடித்துத் தலைக்குக் கொடுத்தார். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு நடை போய்வந்தார். திரும்பி வந்து பார்த்தபோது ராமுலுவுக்கு மூச்சில்லை. வாந்தி தொண்டையை அடைத்திருந்தது.

உடலை அக்கரைக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். ராமுலுவின் மனைவி லச்சுமக்கா ஒன்றுதான் கேட்டார்.

“தனியாவா உட்டுட்டுப் போனீங்க?”

“ஆமாங்க அம்மணி. தப்புப் பண்ணிப்போட்டேன்.”

மறுநாள் பொங்கியண்ணன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சென்னகேசவனிடம் போனார். “ஏனுங்க, அப்பவே பரிசல்ல ஏத்தியிருந்தாப் பொழச்சிருப்பாருங்களா?”

“அதைச் சொல்ல முடியாதுங்க. ஆனா நெனப்புத் தப்புன ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வெக்கோணும். அப்பத்தான் வாந்தி வெளிய வரும். கிட்டயே ஒருத்தர் இருக்கோணும். எழுப்பியும் முழிக்கலீன்னா இங்க தூக்கியாந்துருங்க.”

அதன்பின் அமாவாசை மதியங்களில் பொங்கியண்ணனின் மனைவி பழனாத்தாள் துடுப்புப் பிடித்தார். பொங்கியண்ணன் மணலில், படுத்திருப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். குடிகாரர்களுக்குக் காவலா என்று ஊரில் சிரித்தார்கள். அந்த வருஷம் மூன்று பேரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்; இரண்டு பேர் பிழைத்தார்கள்.

ஆனி அமாவாசையன்று லச்சுமக்கா தன் தம்பியைத் தேடிப் பரிசலிலிருந்து இறங்கி வந்தார். நினைவில்லாத அவனை அப்போதுதான் மணலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். பொங்கியண்ணனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லச்சுமக்கா தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்பிடிப் படுக்க வெக்கோணும்? காட்டுங்க” என்றார்.