பஸ் ஸ்டாப்பில் ஒரு சுமைதாங்கி

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். ஆந்திராவில் புத்தூர் தாண்டி இருக்கும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் நடந்தது.

என் மனைவி ஏழு மாதக் கர்ப்பத்தில் திடீரென்று இறந்துபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்த மாமியாரை நகரி பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். ஸ்டாப்பை ஒட்டி இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல் போட்டிருக்கும். திருப்பதிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பையை அதன்மேல்தான் வைப்போம். என் மனைவியும் எத்தனையோ நாள் அதில் சாய்ந்து நின்றிருக்கிறாள். பழக்கத்தில் அத்தையின் பையையும் அங்கே வைத்தேன்.

அத்தை கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தடவினார்.

"இது இன்னா கல்லுன்னு தெரியுமா மாப்ளே? சுமைதாங்கி. வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொண்ணுக்காக நடுவாங்க. அவதான் சுமைய எறக்காமலே போய்ட்டா, வழில போறவங்களாவது எறக்கி வெக்கட்டும்னு."

பக்கவாட்டில் ஏதோ தமிழ் எழுத்து. விரலுக்குத் தட்டுப்பட்டது, தேய்ந்துபோயிருந்ததால் படிக்க வரவில்லை. என் மனைவி போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அடுத்த வருடம் ரோட்டை அகலப்படுத்த ஜேசிபி வந்தது. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி வந்து பார்த்தால், மண்ணோடு சேர்த்து அந்தக் கல்லையும் தள்ளப் போகிறார்கள். ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"ஏமண்ணா, பக்ககி ஜருகு!" என்று டிரைவர் தெலுங்கில் கத்தினார்.

நகரவில்லை. சின்ன வயதிலிருந்து பேசுகிற தெலுங்கு அன்றைக்கு வாயில் வரவில்லை. தமிழும் தெலுங்குமாகக் குழறி, அந்தக் கல் யாருக்காக என்று சொன்னேன். என் மனைவியைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கல்லைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் சங்கிலி கட்டி, ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, தள்ளியிருந்த புளியமரத்தடியில் பழையபடி நட்டுக் கொடுத்தார். "இக்கட சாலாண்ணா?" இங்கே போதுமா என்று கேட்டுக்கொண்டே, தோள் துண்டால் கல்லிலிருந்த மண்ணைத் துடைத்தார். தலையாட்டினேன்.

இப்போதும் யாராவது புல்லுக்கட்டை அதன்மேல் இறக்கிவிட்டு இடுப்பை நிமிர்த்தினால், நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். அந்தக் காலத்தில் அதை நட்டவர் அந்தப் பெண்ணுக்குப் புருஷனா, அப்பனா, என்ன பேர், எதுவும் யாருக்கும் தெரியாது. அவர் எப்படி ஏங்கியிருப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.