சர்தார் போட்ட எட்டுப் பாட்டு

சர்தாருக்குத் தொழில், பஸ் சீட்டுக்கு ரெக்சின் தைப்பது. உயிர், டிரம்ஸ். தர்மபுரியில் எங்கள் பாட்டுக் குழுவுக்கு அவன்தான் தலைவன். அடித்துக்கொண்டே பாடுவான், நான் கிடார். மற்ற குழுக்கள் சினிமாப் பாட்டு பாடிப் பிழைத்தபோது, சொந்தப் பாட்டுதான் பாடுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றான். பென்னாகரம் திருவிழாவில் சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு மேல் சீட்டாக மேடைக்கு வந்தது. சர்தார் டிரம்ஸை மேடை விளிம்புக்கு இழுத்துப் போட்டு அடித்தான். சீட்டு எழுதியவர்களே எழுந்து ஆடினார்கள்.

1986இல் சேலம் போய் எட்டுப் பாட்டைப் பதிந்து எங்கள் முதல் கேசட்டைப் போட்டோம். மேடைப் பக்கம் வராதவர்கள் காதிலும் அது விழ வேண்டும், சர்தாருக்கு வேறு ஆசையே கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கேட்ட பாட்டைக் காலி கேசட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த நஞ்சப்பனிடம் நாற்பது கேசட் விற்கக் கொடுத்தோம். ஒரே மாதத்தில் எல்லாம் போய்விட்டது என்றார். சர்தாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் ஒகேனக்கல் பஸ்ஸில் போய்வந்தவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. டிரைவர் எங்கள் கேசட்டைத்தான் போட்டாராம். அட்டையில் எங்கள் படம். உள்ளே சினிமாப் பாட்டு.

நேரே நஞ்சப்பன் கடைக்குப் போனோம். அந்த மனுஷனுக்குக் கூச்சநாச்சமே இல்லை.

"வந்தவங்க எல்லாம் சினிமாப் பாட்டுதான் பதியச் சொன்னாங்க. காலி கேசட் தீந்துபோச்சு. உங்க டேப்பு உசத்தியா இருந்துச்சுங்க, அதுமேலயே பதிஞ்சு குடுத்துட்டேன்," என்றார், என்னவோ எங்களைப் பாராட்டுகிற மாதிரி. "கேசட்டு முதுகுல ரெண்டு பிளாஸ்டிக் பல்லு இருக்குதுங்களே, அதை உடைச்சிருந்தா மேல பதிய முடியாது. நீங்க உடைக்கலியே."

எங்களுக்கு அது தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒருத்தன் உழைப்பைத் துடைத்துப் போடுவதா? இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு நெரிசலில், அந்தக் கடைக்கு நேர் எதிரே சர்தார் டிரம்ஸை இறக்கினான். எட்டுப் பாட்டையும் வரிசை மாறாமல் பாடினோம். பொம்மிடி பஸ்ஸை விட்டுவிட்டுக்கூட ஆட்கள் நின்று கேட்டார்கள். கைதட்டல் அடங்கியதும், கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா முன்னால் வந்தாள்.

"இந்தப் பாட்டெல்லாம் கேசட்டுல கிடைக்குங்களா?"

சர்தார் டிரம்ஸ் குச்சியால் நஞ்சப்பன் கடையைக் காட்டினான்.

"அந்தக் கடையிலதாங்க கிடைக்கும். அழிச்சுட்டுக் குடுப்பாரு."