நான் பார்த்த வரைக்கும் நல்ல மாப்பிள்ளை

இந்த ஊரில் குளிர்கூட அவரவர் சொந்தக் கருத்து. லீட்ஸ் நகரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் போன வாரம் ஹீட்டர் கெட்டுப்போய், பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பக்கத்து நாற்காலி ஹெலன் கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "இஸ் இட் ஜஸ்ட் மீ, ஆர் இஸ் இட் அ பிட் கோல்டு?" என்று கேட்டாள். தனக்கு மட்டும்தான் குளிர்கிறதோ என்று சந்தேகமாம். சுற்றியிருந்தவர்கள் தங்களுக்கும் அப்படித்தான் படுகிறது என்று ஆமோதித்த பிறகே குளிர் அதிகாரபூர்வமாகக் குளிர்ந்தது.

நான் போடிநாயக்கனூர்க்காரி. அப்பாவுக்குச் சிலமலையில் வயலும் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டமும் உண்டு. ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டி ஒரு பார்வை பார்ப்பார். "காய் நல்லாயில்ல" என்பார். அவ்வளவுதான். தன் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்ற பேச்சே கிடையாது. எங்கள் வீட்டில் ஒருவர் நாக்குக்குக் குழம்பில் உப்பில்லை என்றால் உலகத்துக்கே உப்பில்லை. மலையில் மேகம் இறங்கினால் மழை வருது. வராமல் போனால் அது மழையின் தப்பு.

அந்த வாயோடு இங்கே வந்து இறங்கிய புதிதில், மேலாளர் போட்ட திட்டத்தைப் பார்த்து "இது தப்பு" என்று சொல்லிவிட்டேன். அவர் "ஐ ஹியர் வாட் யூ ஆர் சேயிங்" என்று தலையாட்டினார். ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். காது கேட்கிறது என்று மட்டும்தான் மனிதர் சொன்னார் என்பது பிறகு புரிந்தது. "ஐ ஸீ யுவர் பாயின்ட்" என்றால் கண்ணும் தெரிகிறது என்று பொருள். போகப் போக நானும் தேறினேன். 'ஐ ஃபீல்', 'இட் சீம்ஸ் டு மீ', 'ஃப்ரம் வேர் ஐ ஸ்டாண்ட்' என்று, எதைச் சொன்னாலும் நான் நிற்கிற இடத்தையும் சேர்த்துச் சொல்லப் பழகினேன். எதிரில் இருப்பவர் வேறு இடத்தில் நின்று பார்க்கலாம் என்று விட்டுக்கொடுக்கிற மரியாதை அது. எனக்கு அது நிஜமாகவே பிடித்துப்போனது.

இந்த மரியாதைதான் என் தங்கை கவிதாவின் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

மாப்பிள்ளை சதீஷ், ராசிங்காபுரத்துப் பையன். இதே லீட்ஸில் கம்ப்யூட்டர் வேலை. போனில் பேசியதில் கவிதாவுக்கு அவரை ரொம்பவே பிடித்திருந்தது. ஊராக இருந்தால் மாப்பிள்ளை வீட்டுத் தெரு டீக்கடையில் விசாரித்தே காரியத்தை முடித்துவிடுவார்கள். இங்கே அந்த டீக்கடை நான்தான். "ஆத்தா, வெரசா போய்ப் பாத்துட்டுச் சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு" என்றார் அப்பா.

போனேன். அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா ஜேனட்டிடம் மெதுவாக விசாரித்தேன். "ஃப்ரம் வாட் ஐ ஹேவ் ஸீன், ஹி சீம்ஸ் அ டீசன்ட் சார்ட்" என்றார். அவர் பார்த்த வரையில் நல்ல ஆளாகத் தெரிகிறாராம். சொல்லாமலே குப்பைத்தொட்டியை வெளியே எடுத்து வைக்கிறாராம். இங்கே இதற்கு மேல் சான்றிதழ் கிடையாது. சதீஷிடமும் பேசிப் பார்த்தேன், எனக்கும் பிடித்துவிட்டது. தெருவுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"நான் பாத்த வரைக்கும் நல்ல மாதிரியாத்தான் தெரியுறாருப்பா."

"பாத்த வரைக்கும்னா? பாக்காதது என்ன கெடக்கு? குடிப்பானா?" என்றார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லப்பா. எனக்குத் தோணுறதச் சொன்னேன்."

"தோணுதா!"

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. ஏலக்காய் வியாபாரத்தில் ஒரு தரகர் "நான் பார்த்த வரைக்கும் நல்ல காய்" என்றால், வாங்குகிறவர் மூட்டையின் அடிவரை கையை விட்டுத் துழாவுவார். நாளைக்குப் பேச்சு வந்தால் நான் பார்த்தது மேலே இருந்த காயைத்தான் என்று நழுவ வைத்திருக்கிற வாசல் அது. பெற்ற மகளே தரகர் பேச்சுப் பேசினால் அவர் என்ன செய்வார்? யோசித்துச் சொல்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டார்.

கவிதா அழுதுகொண்டே போன் பண்ணினாள். "ஏன்க்கா, நல்லவருன்னு ஒத்த வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வலிக்குதா?"

"நான் அதத்தானடி சொன்னேன்."

"நீ சொன்னதக் கேட்டு அம்மா சோறு திங்கல. அவருக்கு அங்க ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்குன்னு முடிவே கட்டிருச்சு."

சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. ஒரு சாயங்காலம் பேசிய மனிதரை நல்லவர் என்று எப்படி அடித்துச் சொல்வது? எங்கள் ஊரில் அந்தச் சொல் ஜாமீன் கையெழுத்து மாதிரி. நாளைக்குத் தங்கை கண் கலங்கினால் நான்தான் போய் நிற்க வேண்டும். அப்பா கேட்டதும் அதைத்தான். என் பார்வையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், அவருக்கு ஜாமீனாக நான் வேண்டும்.

மறுபடி கூப்பிட்டேன். "அப்பா, மாப்ள நல்லவரு. பேசி முடிங்க."

"இதத்தான ஆத்தா அன்னைக்கே கேட்டேன்" என்று சிரித்தார். அன்று சாயங்காலமே நாள் பார்த்துவிட்டார்கள்.

சேதி கேட்டு சதீஷ் போன் பண்ணினார். அதுவரை அக்கா என்றவர் உரிமையோடு மதினி என்றார். நானும் பெரிய மனுஷித் தோரணையில், "தம்பி, உங்கள நம்பி வாக்குக் குடுத்திருக்கேன். எந் தங்கச்சிய நல்லா வச்சுக்குவீங்கல்ல?" என்று கேட்டேன். இங்கே வந்து ரொம்ப காலம் ஆகிவிட்ட மனிதர். நேர்மையாகக் கொஞ்சம் யோசித்து, "ஐ வுட் லைக் டு திங்க் ஸோ, மதினி" என்றார். அப்படித்தான் நினைக்க விரும்புகிறாராம்.

எவ்வளவு நாணயமான பதில் என்று எனக்குள்ளிருந்த லீட்ஸ்காரிக்குப் புரிந்து மனசு நிறைந்தது. போடிக்காரிக்கோ அதில் நழுவுகிற வாசல்தான் தெரிந்தது. ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி போனில் கத்தினாள்: "ஆமான்னு சொல்லுங்க தம்பி!"