வாலில் கட்டிய பச்சைத் துண்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். எழுதிப் பழக்கமில்லாதவள் நான். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. இன்னொரு காரணமும் உண்டு. சாமி செய்ததை நாமே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் அது பெருமையடிப்பதாக ஆகிவிடுமோ என்று பயம். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் கதை சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்குக் கை வைத்து, போன மாதம் என் செல்போனுக்கே வேறு கதையாக வந்து சேர்ந்தது. அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். செய்யூர் பக்கம் பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். காற்று திரும்பினால் கடல் வாசம் அடிக்கும் தூரம். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஆறு வெறும் மணல்தான். நடுவில் புல் முளைத்த திட்டுகள் இருக்கும், மாடுகளை அங்கே மேய விடுவோம். கொஞ்சம் தண்ணீர் ஓடும் நாட்களில் மாட்டை முன்னே விட்டு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் ஆற்றைக் கடப்பார்கள். மாட்டுக்கு நீச்சலும் தெரியும், கரையும் தெரியும். எங்களுக்கு இதெல்லாம் பேசுவதற்குக்கூட ஒரு விஷயமில்லை.

அந்த முறை மழை விடவே இல்லை. மேலே ஏரிகளைத் திறந்துவிட்டார்கள், ஆற்றோரம் யாரும் இருக்க வேண்டாம் என்று காலையில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் மழைக்கோணியைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"மோட்டாரைக் கழட்டி மேல வெச்சிட்டு, மாட்டை இட்டுகினு வந்துர்றேன். நீ புள்ளைங்களோட ஸ்கூலுக்குப் போயிடு."

"மோட்டார் போனா போவுது. மாட்டை மட்டும் அவுத்துக்கினு வாங்க" என்றேன்.

"அத வாங்குன கஷ்டம் எனக்குத்தான் தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எங்கள் மோட்டார் கொட்டகை ஆற்றின் ஓரத்திலேயே இருந்தது. பக்கத்தில் கிணறு. கொட்டகைக்குப் பின்னால்தான் செவலையைக் கட்டுவோம். செவலை என்பது எங்கள் பசு. ஒரு கொம்பு நேராகவும் ஒன்று கீழே வளைந்தும் இருக்கும்.

நான் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கரை உடைந்தது. என் கொழுந்தன், அதாவது அவருடைய தம்பி, ஓடிப்போய்ப் பார்த்தபோது கொட்டகை இருந்த இடத்தில் செங்கல் குவியலும் சேற்றுத் தண்ணீரும்தான். ஆளும் இல்லை, மாடும் இல்லை. கட்டை அறுத்துக்கொண்டு மாடு வெள்ளத்தோடு போயிருக்கும், மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கொட்டகையோடு கிணற்றில் சரிந்திருப்பார் என்று எல்லோருமே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. பாவம், அவர்களும் மழையில் நனைந்து நனைந்து செங்கல்லைப் புரட்டினார்கள். பிறகு கொக்கிகள் உள்ள பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கித் துழாவினார்கள். அதைப் பார்த்ததும் என்னை அங்கிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது உயிரோடு இருப்பவரைத் தேடுகிற சாமான் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளைகள் இரண்டும் மடியில் படுத்திருந்தன. எங்கள் எல்லையம்மனை நினைத்தேன், கழுக்குன்றத்து மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. கிணற்றுக்குள் இருக்கக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் தாண்டி ரொம்ப நேரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண், காலேஜில் படிக்கிறவள், போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அத்தே, இது உங்க செவலதானே, பாருங்க."

வீடியோவில் கடற்கரை. அலை நுரையில் இருந்து ஒரு பசு தள்ளாடித் தள்ளாடி ஏறி வருகிறது. கொம்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்து மீனவக் குப்பத்தில் கரையேறியிருக்கிறது. அங்கிருந்தவர்கள் நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டு, வாழைப்பழம் ஊட்டுகிறார்கள். 'கடலில் இருந்து வந்த அதிசயப் பசு' என்று மேலே எழுதியிருந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாடு வந்துவிட்டது, அவர் வரவில்லையே என்று. சுற்றி இருந்த பெண்கள் விடவில்லை.

"மாடு வந்துச்சில்ல, அண்ணனும் வந்துருவாரு. நல்ல சகுனம்தான் இது."

"எத்தினி பேர் பாத்துகீறாங்க பாரு. உன் மாடு ஃபேமஸ் ஆயிடுச்சி."

என்னை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று, அந்தப் பெண் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். டிக்கெட் எடுக்காமல் மகாபலிபுரம் டூர் வந்திருக்கிறது என்று ஒருவர். குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளத் துண்டோடு வருகிறது பார் என்று ஒருவர். "வால்ல துண்டு போட்டு சீட்டு புடிச்சிக்கினு வருது மச்சான்" என்று ஒருவர். அதற்குத்தான் நிறைய சிரிப்பு மூஞ்சிகள். கோமாதா மகிமை, உடனே நாலு பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று ஒருவர். அந்த அறையில் இருந்தவர்களுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து யாருமே சிரித்திருக்கவில்லை.

செவலையின் முகத்தை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று போனைக் கையில் வாங்கினேன். விரல் எங்கேயோ பட்டு, எழுத்துகள் மேலே ஓடி ஒரு இடத்தில் நின்றன. எனக்கு வேகமாகப் படிக்க வராது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் ஒரு வரியைப் பிடித்தால் முடிக்காமல் விட மாட்டேன். அப்படிப் படித்த வரி இது.

'வாலில் துண்டு கட்டுவது ஆற்றைக் கடக்கும்போது ஆள் பிடித்துக்கொள்ள. கூட வந்த ஆள் எங்கே?'

அதற்கும் கீழே சிரிப்பு மூஞ்சிகள். ஆதார் கார்டு எடுக்க வீட்டுக்குப் போயிருக்கிறார் அண்ணே என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார்.

நனைந்த வால் வழுக்கும். தண்ணீர் அதிகமாக இருந்தால் எங்கள் ஊர் ஆண்கள் தோளில் கிடக்கும் துண்டை மாட்டின் வால் குஞ்சத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, மறுநுனியைக் கையில் சுற்றிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவள் நான். வீடியோவில் கொம்பைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், மாலையைப் பார்த்தேன். துண்டு என்று படித்துக் காட்டியபோதும் வாலைப் பார்க்கத் தோன்றவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தால் பச்சைத் துண்டு. ஆடியில் கூழ் வார்த்த அன்றைக்குக் கோயிலில் அவர் தலையில் கட்டிவிட்ட துண்டு. ஓரத்தில் மஞ்சள் கறைகூடத் தெரிந்தது.

செருப்புகூடப் போடாமல் ஆற்றங்கரைக்கு ஓடினேன். தீயணைப்புக்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் போகப் போகிறது, இனி காலையில்தான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார், அவர் கெணத்துல இல்ல. மாட்டோட போயிருக்காரு" என்று போனை நீட்டினேன்.

அவர்களில் பெரியவர் பொறுமையாகத்தான் பேசினார். "ஏம்மா, போன்ல வர்றது எந்த வருஷத்து வீடியோன்னே தெரியாது. அத நம்பி எங்கன்னு தேடுறது?"

"மாடு என்னுது சார். துண்டு அவுருது."

கொழுந்தன் போனை வாங்கிப் பார்த்தான். "அண்ணி சொல்றது ரைட்டு சார். துண்ட மாடு தானா கட்டிக்கினு போவாது."

அந்தப் பெரியவர் உடனே வண்டியைக் கீழ்ப்பக்கம் திருப்பச் சொன்னார். ஆனால் வழியெல்லாம் தண்ணீர். அவர்கள் எப்போது போய்ச் சேருவது?

அப்போதுதான் மீன்காரம்மா ஞாபகம் வந்தது. அந்தக் குப்பத்தில் இருந்துதான் எங்கள் ஊருக்குக் கூடை எடுத்துக்கொண்டு வருவார். அவர் நம்பர் என் மனசிலேயே இருந்தது. போட்டேன்.

"இன்னாம்மா, மாடு உங்களுதா? கோயிலாண்ட கட்டி வெச்சிகீறோம். நல்லாத்தான் கீது, நீ பயப்படாத."

"அத வுடுங்க. வால்ல துண்டு கீதா?"

"கீது. அவுக்க வந்தா ஒதைக்குது. மறுமுனை கிழிஞ்சி தொங்குது."

"அத புடிச்சிக்கினு எங்க வீட்டுக்காரர் வந்தாரும்மா."

அவர் போனைக் காதில் வைத்தபடியே யாரையோ கூப்பிடுவது கேட்டது. "டேய் நைனா, மாட்டோட ஆள் ஒருத்தர் ஆத்துல கீறாராம். போட்டை எடுங்கடா."

கடல் கொந்தளிப்பால் அவர்கள் யாரும் பல நாட்களாகத் தொழிலுக்குப் போகவில்லை. அந்த வெள்ளத்தில், கடலில் இருந்து ஆற்றுக்குள் எதிர்த்துப் படகு விடுவது எப்படிப்பட்டது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் வீட்டுக்காரரை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. போனார்கள்.

நான் ஆற்றங்கரை ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா தாயே என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. லேசாக இருட்டத் தொடங்கியபோது கொழுந்தன் போன் அடித்தது. அவன் காதில் வைத்தான், அப்படியே என் காலடியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். சரி, முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

"உசுரு கீது அண்ணி" என்றான்.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சவுக்குத் தோப்பில் தண்ணீர் புகுந்திருந்தது. அங்கே ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அடித்து வந்த மரம் ஒன்று மோதி, துண்டு கிழிந்து, காலும் முறிந்திருக்கிறது. அவர்கள் இறக்கும்போது கையைப் பிரித்தெடுக்கவே முடியவில்லையாம். அப்படி விறைத்துப்போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் தானாகவே விட்டிருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"கத்திப் பாத்தேன், யாருக்கும் கேக்கல. செவல மட்டும் தூரமா போய்க்கினே இருந்துச்சி. அது எப்படியும் கரையேறிடும். எவனாவது ஒருத்தன் வாலைப் பாத்தா போதும், துண்டைப் பாத்ததும் நம்மளத் தேடுவான்னு நெனச்சிக்கினு புடிச்சிக்கினு இருந்தேன்."

ஆயிரக்கணக்கான பேர் அந்தத் துண்டைப் பார்த்தார்கள், பார்த்துச் சிரித்தார்கள் என்று அந்த நேரத்தில் அவரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு, அந்த வரிக்குக் கீழே என் பெயரில் எழுதச் சொன்னேன். ஆள் கிடைத்துவிட்டார், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று. பதில் வரவில்லை. அந்தக் கணக்கில் ஆள் படமும் இல்லை. எரிகிற ஒரு அகல் விளக்குப் படம் மட்டும் இருந்தது. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஒரு விளக்கை அவர்களுக்காகத் தனியாக ஏற்றி வைக்கிறேன்.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சந்தோஷமான செய்தி என்று பார்த்தார்கள், ஒரு வார்த்தை விளையாட்டாக எழுதினார்கள், அடுத்ததற்குப் போய்விட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அத்தனை நல்ல மனசுக்காரர்களில் ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி கேட்கத் தோன்றியது. அந்த ஒருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எங்கள் எல்லையம்மன் என்று நான் நம்புகிறேன்.

செவலை மாலையோடு மினி லாரியில் வீடு வந்து சேர்ந்தது. அவர் இப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். கிழிந்த துண்டைத் துவைத்து சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

போன மாதம் வந்த கதையில், பசு தன் எஜமானரை முதுகில் சுமந்து கடலைத் தாண்டிக் கரை சேர்த்ததாக இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் குப்பத்து ஆட்கள் இல்லை, மீன்காரம்மா இல்லை, அந்த ஒரு வரியும் இல்லை. அவர்களையெல்லாம் எடுத்துவிட்டால் என் வீட்டுக்காரர் பிழைத்திருக்கவே மாட்டார்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொல்லத் தோன்றினால், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அதிசயத்தைக் கூட்டவும் வேண்டாம், ஆட்களைக் குறைக்கவும் வேண்டாம். அனுப்பினால் நல்லது நடக்கும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் போனில் ஏதாவது அதிசயச் செய்தி வந்து எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கத்தான் செய்கிறேன். சிரித்து முடித்ததும், கூட வந்த ஆள் எங்கே என்று ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்த பிறகுதான் போனைக் கீழே வைக்கிறேன்.