முடித்துக் கொடுப்பவர்

"நலிந்த நிறுவனங்களுக்குப் புத்துயிர் அளிப்பதில் நிகரற்ற அனுபவம் கொண்டவர். எடுத்த காரியத்தை முடித்துக் கொடுப்பவர்." மெத்தைக் கம்பெனியின் புதிய மேனேஜரைப் பங்குதாரர்களுக்கு இப்படித்தான் அறிமுகப்படுத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே அச்சாகியிருந்த புகைப்படத்தில், புத்துயிர் முதலில் அவருக்குத்தான் தேவை என்று பட்டது.

அறிமுகத்தை எழுதியவர் பல் டாக்டர். கம்பெனியில் பெரிய பங்கு அவருடையது. மேனேஜரைத் தேடிப் பிடித்ததும் அவரே. மேனேஜர் முன்பு வேலை பார்த்த குடைக் கம்பெனியின் முதலாளிக்கு ஒரு போன் போட்டார். "அவரா? தங்கமான மனுஷன். எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனாரு" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார் முதலாளி. லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

முதலாளி சொன்னது முழு உண்மை. குடைக் கம்பெனியை மேனேஜர்தான் முடித்துக் கொடுத்தார். அதற்கு முன்னால் சோப்புக் கம்பெனி, அதற்கும் முன்னால் பென்சில் கம்பெனி. ஒவ்வொன்றையும் தூக்கி நிறுத்தத்தான் போனார். ஆனால் எல்லோரும் கைவிட்ட பிறகே அவரைக் கூப்பிட்டார்கள்.

"உங்களைக் கூப்பிடுறாங்கன்னா அந்தக் கம்பெனிக்கு நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தம். பேசாம பூட்டுக் கம்பெனியில சேர்ந்திருக்கலாம், ஓஹோன்னு ஓடியிருக்கும்" என்பாள் மனைவி.

அவரும் சிரிப்பார். இந்த முறை மட்டும் சிரித்துவிட்டு, "இந்த ஒண்ணையாவது திறந்தபடியே விட்டுட்டு ரிட்டயர் ஆகணும்" என்றார்.

அதற்கு வழியும் கண்டுபிடித்திருந்தார். லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்குவதைப் பார்த்து, அதற்கேற்ற ஒடுக்கமான மெத்தை ஒன்றைத் தைக்கச் சொன்னார். தையல் பிரிவை நடத்தும் அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "சார், இதுல ஆளு படுக்கணுமா, ஆளோட நிழல் படுக்கணுமா?" என்றாள். ஆனால் தைத்த தையல் நேர்த்தியாக இருந்தது.

அந்த மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் பங்குதாரர் கூட்டத்துக்குப் போனார். விடுமுறை நாள் என்பதால் கூட்டம் டாக்டரின் கிளினிக்கில். நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் மூன்று பேர்: டாக்டர், டாக்டரின் அண்ணி, மருந்துக்கடைக்காரர். "நீங்க கொஞ்சம் உள்ளே உக்காருங்க, கூப்பிடுறோம்" என்றார்கள். உள்ளே உட்கார இருந்தது பல் பிடுங்கும் நாற்காலி ஒன்றுதான். மெத்தையை அதன்மேல் விரித்து மேனேஜர் சாய்ந்தார். நடுவில் பலகைத் தடுப்பு. பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"என்ன டாக்டரே, பல்லைப் பிடுங்குற மாதிரி கம்பெனியைப் பிடுங்குறவரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர். அவருடைய மச்சான் குடைக் கம்பெனியில் இருந்தவன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். "குடை போச்சு, சோப்பு கரைஞ்சு போச்சு, பென்சிலைச் சீவிச் சீவியே தீர்த்துட்டாரு."

"ஏன் தம்பி, முடிச்சுக் குடுத்தாருன்னா என்னத்த முடிச்சாருன்னு கேக்க மாட்டீங்களா?" இது அண்ணி.

"நல்லவிதமாத்தான் சொன்னாங்க அண்ணி."

"செத்தவங்களைப் பத்திக்கூடத்தான் நல்லவிதமா சொல்றாங்க."

வெளியே போய், 'நான் போகும்போதே அதெல்லாம் செத்துப்போயிருந்தது' என்று சொல்ல நினைத்தார் மேனேஜர். நாற்காலியை நிமிர்த்தக் காலடியில் ஒரு மிதி இருந்தது. அழுத்தினார். தலை இன்னும் தாழ்ந்து கால் மேலே போயிற்று.

அதற்குள் மருந்துக்கடைக்காரர், "ஆனா ஒண்ணு. எந்த இடத்துலயும் சண்டை, கேஸுன்னு எதுவும் வரலையாம். மச்சான் இன்னிக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுறான்" என்றார்.

மெயின் ரோட்டை ஒட்டிய கம்பெனி நிலம் என்ன விலைக்குப் போகும் என்பது மூன்று பேர் மனதிலும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும்.

"நாம மூடினா வேலை பாக்குறவங்க எல்லாம் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க" என்றாள் அண்ணி மெதுவாக.

"இவரு மூடினா கும்பிட்டுட்டுப் போவாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, முடிச்சுக் குடுப்பாருன்னு!" என்றார் டாக்டர். இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் தீர்மானித்ததில்லை. எந்தக் குறைக்காக அவரை வேலையை விட்டு அனுப்ப வந்தார்களோ, அதையே தகுதியாக்கி வைத்துக்கொண்டார்கள்.

டாக்டரே வந்து நாற்காலியை நிமிர்த்தினார். "சார், ஒரு நிமிஷம், இந்த மெத்தையைப் பாருங்க. லாரிக்காரங்களுக்கு..."

"அது அங்கேயே இருக்கட்டும். விஷயத்துக்கு வாங்க."

விஷயத்தைக் கேட்ட மேனேஜர், "நான் மாட்டேன்னு சொன்னா?" என்றார்.

"கேட்டைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டவேண்டியதுதான். அதுக்கா ஆளு இல்ல?"

இல்லாமல் என்ன, நிறையவே இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். சம்மதித்தார்.

வீட்டில், "என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"வச்சுக்கிட்டாங்க."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அன்று பூட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மெத்தை கிளினிக்கிலேயே தங்கிவிட்டது. அதில் சாய்ந்தவர்கள் பல்வலியைக்கூட மறந்தார்கள். கம்பெனி மூடிச் சில மாதம் கழித்து ஒரு லாரி டிரைவர், "இது எங்க கெடைக்கும் டாக்டர்? வண்டியில போட ஒண்ணு வேணும். எங்க செட்டுல எல்லாரும் வாங்குவாங்க" என்றார்.

"இப்பக் கெடைக்காது. வாயைத் திறங்க" என்றார் டாக்டர்.

மேனேஜர் செய்தது இதுதான்: தையல் அக்காவிலிருந்து வாட்ச்மேன் வரை ஒவ்வொருவருக்கும் அலைந்து திரிந்து வேறு வேலை பிடித்துக் கொடுத்தார். பிறகு மெத்தைக் கம்பெனியை மூடினார்.