அவள்தான் ஒளித்து வைத்தாள்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் டிசம்பர் இருபத்துநான்காம் தேதி சாயங்காலம்வரை குழந்தை இயேசு இருக்கமாட்டார். மாதா, சூசையப்பர், இடையர்கள், கால் உடைந்த ஓர் ஒட்டகம் எல்லாம் இருக்கும். நடுவில் வெறும் வைக்கோல். ஜனவரியில் குடிலைப் பிரித்துப் பெட்டியில் போடும்போதே என் மனைவி அந்த விரல் நீளக் குழந்தைச் சொரூபத்தை மட்டும் எடுத்து வீட்டுக்குள் எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுவாள். டிசம்பர் பிறந்ததும் பிள்ளைகள் தேடலாம். கண்டுபிடித்தவர்தான் குடிலில் வைக்கவேண்டும். முதல் அதிரசமும் அவருக்கே.

தேடும்போது அவள் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் நெருங்கினால் வேகமாகத் தட்டுவாள், விலகினால் மெதுவாக. ஒரு வருஷம் சொரூபத்தை என் ஆபீஸ் குடைக்குள் வைத்திருந்தாள். செப்டம்பர் மழையில் நான் குடையை விரிக்க, அது என் தலையில் விழுந்தது. “உங்கள வெச்சிக்கினு ஒரு வெளாட்டு வெளாட முடியுதா?” என்று ஒரு வாரம் திட்டினாள்.

அப்போது ஜமுனாமரத்தூரில் கால்நடை மருந்தகத்தில் எனக்குக் கம்பவுண்டர் வேலை. எழுபதுகளின் கடைசி. மலையில் எங்களைப் போலக் குடில் வைக்கிற வீடுகள் மிகக் குறைவு. பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஐந்து. அந்த வருஷம் ஜூனில் என் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வரவில்லை. காலையில் எழுந்தேன், பிள்ளைகளுக்குத் தலை வாரினேன், மாடுகளுக்கு மருந்து கலக்கினேன். யாராவது ஆறுதல் சொன்னால் எப்போது முடிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

சமையலில் ரேஷன் அரிசி மட்டும்தான் எனக்கு வசப்பட்டது. ஜனவரியில் சந்தையில் வாங்கி அவள் மண்ணெண்ணெய் டின் நிறையக் கொட்டி வைத்திருந்த சாமை அரிசியில் பாதி அப்படியே கிடந்தது. அவள் வாரத்துக்கு இரண்டு நாள் சாமைச் சோறு ஆக்குவாள். நான் ஆக்கினால் ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கல். இரண்டு முறை பார்த்துவிட்டு டின்னை மூடினேன்.

டிசம்பர் வந்தது. பிள்ளைகள் தாங்களாகவே பெட்டியை இறக்கிக் குடில் வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தார்கள். பையன் தட்டையும் கரண்டியையும் என் மடியில் வைத்தான்.

“நீ தட்டுப்பா.”

“எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதேடா.”

“சும்மா தட்டு.”

தட்டினேன். ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் பாயைப் புரட்டினான், கொசுவலையை உதறினான், சாமை டின்னுக்குள்கூட முழங்கைவரை விட்டுப் பார்த்துவிட்டு, வண்டு ஊர்கிறது என்று கையை உதறினான்.

ஒரு நாள் அவன் தூங்கிய பிறகு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அம்மா இந்த வருசம் ஒளிச்சே வெக்கலப்பா. ஜனவரியிலயே அதுக்கு உடம்பு முடியல. எங்கள மறந்துடுச்சு.”

“அப்புறம் நீ எதுக்குத் தேடற?”

“தம்பிக்கோசரம்.”

பள்ளிக்கூடத்து மார்க்கைச் சொல்வதுபோலச் சொன்னாள். அம்மா உங்களை மறப்பாளா என்று நான் சொல்லியிருக்கலாம். போய்ப் படு என்றேன்.

இருபத்துநான்காம் தேதி காலையில் பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றார். “இன்னா சார், உங்க வூட்டு வண்டு எங்க வூடு வரைக்கும் வருது. அந்தச் சாமைய வெயில்ல கொட்டுங்க.” குடிலுக்குப் பச்சைப்புல் பறித்துத் தருகிறேன் என்று பிள்ளைகளைத் தன் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பனி விலகியதும் வாசலில் சாக்கை விரித்து டின்னைக் கவிழ்த்தேன். கடைசியில் ஒரு துணிப்பொட்டலம் விழுந்தது. பிரித்தால் குழந்தைச் சொரூபம்.

அவள் கணக்கு எனக்கு அப்போது புரிந்தது. வாரம் இரண்டு முறை ஆக்கினால் டிசம்பரில் சாமை அடிதட்டும். அரிசி எடுக்கப் போகிற பிள்ளையின் கையில் சொரூபம் தானாகக் கிடைக்கும். நாங்கள் சாப்பிடாததால் அது அடியிலேயே கிடந்திருக்கிறது.

அவள் மறக்கவில்லை. இது பெண்ணுக்குத் தெரிந்தாகவேண்டும் என்ற அவசரம் ஒன்றுதான் எனக்குள் இருந்தது. அரை வருஷத்தில் எனக்கு வந்த முதல் அவசரம். நான் சொல்வதைவிட அவளே எடுக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் சொரூபத்தின் மேல் முழுக்கத் தவிடும் வண்டு எச்சமும். எதையும் கழுவாமல் தொடாத கை என்னுடையது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். புழு அரித்த பழைய துணியை அடுப்பில் போட்டுவிட்டு, துவைத்த என் கைக்குட்டையில் சுற்றினேன். சாமையையும் புடைத்து, சொரூபத்தை அடியில் வைத்து மேலே கொட்டினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் சாமைப் பாயசம் வைக்கலாம், நிறைய வேண்டும், டின்னை முறத்தில் கொட்டுங்கள் என்றேன். பையன் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். “அம்மா வெச்சது! அம்மா வெச்சது!” கைக்குட்டையை உதறிப் போட்டுவிட்டுச் சொரூபத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

பெண் கைக்குட்டையை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். முறத்தில் இருந்த சாமையைக் கையால் அளைந்தாள். ஒரு வண்டு இல்லை.

“நீதானப்பா வெச்ச?”

“இல்லம்மா. அம்மாதான் வெச்சா. காலையில கொட்டும்போது கெடச்சுது. அழுக்கா இருந்துது, கழுவித் திரும்ப வெச்சேன்.”

“பொட்டி அடியில வைக்கோலுக்குள்ளயே கெடந்துச்சா?”

“இல்லம்மா. சத்தியமா அம்மாதான்.”

கைக்குட்டையை மடித்து முறத்தின் ஓரத்தில் வைத்தாள். பிறகு என் தோளில் கையை வைத்தாள். “சரிப்பா. அம்மாதான் வெச்சுது.” தம்பியிடம் பேசுகிற அதே குரல். “நான் அவன்கிட்ட சொல்லமாட்டேன்.”

அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். ஜூனில் வராதது அன்றைக்கு வந்தது. அடுப்பில் பழைய துணி சாம்பலாகியிருந்தது.

பெண்ணுக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்கிறாள், பாட்டி மறந்துபோன வருஷம் தாத்தா எங்களுக்காக ஒளித்து வைத்தார் என்று. இல்லை, அவள்தான் வைத்தாள் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பெண் தன் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். “பாத்தீங்களா, தாத்தா எப்பவும் இப்டித்தான். பாட்டிய வுட்டுக்குடுக்கவே மாட்டாரு.”